பேட்மேன் ஆல்பத்தையும் வெளியே கொண்டுவாருங்கள்

பிரின்ஸின் ஒலிப்பதிவுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும் வார்னர் இசை நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். ‘பர்ப்பிள் ரெயின்’, ‘1999’, ‘சைன் ஓ த டைம்ஸ்’ என்று அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் ஆல்பங்களை, வெளிவராத பாடல்களையும் சேர்த்து விரிவாக வெளியிட்டிருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. 1989-இல் ‘பேட்மேன்’ திரைப்படத்துக்காக அவர் பாடி வெளிவந்த ‘பேட்மேன்’ ஆல்பத்துக்கும் அந்த மரியாதையைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சினிமா விளம்பரத்துக்காகப் போட்ட பாடல்கள்தானே என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. படத்தின் பின்னணி இசை டேனி எல்ஃப்மேனுடையது, அருமையான இசை. ஆனால் வில்லன் ஜோக்கர் தன் ஆட்களோடு அருங்காட்சியகத்துக்குள் நுழையும் காட்சியைப் பாருங்கள். அடியாள் சுமந்துவரும் டேப்ரெக்கார்டரில் பிரின்ஸின் ‘பார்ட்டிமேன்’ ஒலிக்கிறது. ஓவியம் ஓவியமாகப் பெயின்டை அடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். ஃபிரான்சிஸ் பேகனின் ஓவியத்தை மட்டும் ஜோக்கர் விட்டுவிடச் சொல்கிறான். அந்தத் தாளத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் அடாவடி. அவனுடைய குதூகலம் நமக்கும் தொற்றிக்கொள்வது பாட்டால்தான். இயக்குநர் டிம் பர்ட்டன் படத்தொகுப்பின்போது தற்காலிகமாகப் போட்டுப் பார்த்ததே பிரின்ஸின் பழைய பாடல்களைத்தான்.

ஒவ்வொரு பாடலையும் எந்தப் பாத்திரம் பாடுகிறது என்று ஆல்பத்திலேயே குறித்திருக்கிறார் பிரின்ஸ். ‘பார்ட்டிமேன்’ ஜோக்கருக்கு, ‘தி ஃப்யூச்சர்’ பேட்மேனுக்கு. கதைக்குள் இறங்கி வேலை செய்தவர்தான் இப்படி எழுதுவார்.

அப்புறம் ‘பேட்டான்ஸ்’. ஆறு நிமிடப் பாட்டு, நடுவில் வேகமே மாறிவிடும், படத்தின் வசனத் துண்டுகள் குறுக்கே வந்து விழும். படத்தில் இடம்பெறாத இந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்படியிருந்தும் 1993-இல் வந்த பிரின்ஸ் ஹிட்ஸ் தொகுப்பில் அதைக் காணோம்.

ஆல்பத்தில் ‘பேட்டான்ஸ்’ இடத்தில் முதலில் இருந்தது ‘டான்ஸ் வித் த டெவில்’. இருண்ட பாட்டு, கடைசி நேரத்தில் பிரின்ஸ் விலக்கிவிட்டார். நல்ல ஒலித்தரத்தில் அதை முறைப்படி வெளியிடுங்கள். ‘பேட்டான்ஸ்’ பிறக்கக் காரணமான ‘200 பலூன்ஸ்’, அந்தப் பாட்டு தனியாக வந்த சிங்கிள் இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது; 1993 தொகுப்பிலும் இருக்கிறது, ஆனால் அதன் இடம் இங்கேதான். படத்தின் நாயகி கிம் பேசிங்கர் குரல் கொடுத்த ‘ஸ்கேண்டலஸ்’ நீள வடிவமும் இவற்றோடு வர வேண்டும்.

உரிமைச் சிக்கல் இருக்கலாம், புரிகிறது. 1989-இல் படமும் ஆல்பமும் ஒரே வார்னர் குடையின்கீழ் இருந்தன. 2004-இல் இசை நிறுவனம் தனியாகப் பிரிந்துவிட்டது. வசனம் கலந்த பாட்டு என்றால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். சரி, பேசுங்கள். அது இழுத்துக்கொண்டே போனால், படத்தோடு ஒட்டாத மறுபக்கப் பாடல்களையாவது முதலில் ஒரே தட்டில் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஒரு பிரின்ஸ் ரசிகர்