கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகள டேப் பண்ணின எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

டேப்பர் அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

நான் கிரேட்ஃபுல் டெட்ங்கற அமெரிக்க ராக் குழுவ ஒரு தடவ கூட நேர்ல பார்த்ததில்ல. அவங்க கிட்டாரிஸ்ட், பாடகர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட்லயே போய்ட்டாரு, எனக்கு இந்தப் பாட்டெல்லாம் அறிமுகமானதே அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுதான். ஆனா அவங்க கச்சேரில எனக்குன்னு பிடிச்ச ராத்திரிகள் இருக்கு, தேதியோட சொல்லுவேன், அதுக்கு நீங்கதான் காரணம்.

1977 மே 8, கார்னெல் யுனிவர்சிட்டி, பார்ட்டன் ஹால். எல்லாரும் சொல்றதுதான், இருந்தாலும் நானும் சொல்லுவேன். ரெண்டாவது செட்டு ஆரம்பிக்கறப்ப முன்னாடி நிக்கிறவங்க நசுங்குறாங்கன்னு கூட்டத்த ஒரு அடி பின்னாடி போகச் சொல்றாங்க, அப்புறம் ஸ்கார்லெட் பிகோனியாஸ் ஆரம்பிக்குது, பாட்டு முடிஞ்ச மாதிரி இருக்கு ஆனா முடியல, கிட்டார் சுத்திக்கிட்டே இருக்கு, அடியில ஃபில் லெஷ்ஷோட பாஸ் கிட்டார் மெதுவா வேற எங்கயோ நகருது, எந்த செகண்டுல அது அடுத்த பாட்டான ஃபயர் ஆன் த மவுன்டனா மாறுச்சுன்னு இத்தன தடவ கேட்டும் என்னால விரல் வச்சுக் காட்ட முடியல. ரெண்டே ரெண்டு கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு, chord) அந்தப் பாட்டு. நல்ல வித்வான் ஒரே வரிய எடுத்து நிரவல் பண்றப்ப அது வளந்துக்கிட்டே போகும்ல, அப்படி.

அந்த ராத்திரிய டேப் பண்ணின, குழுவோட சவுண்ட் இன்ஜினியர் பெட்டி (Betty) கேன்டர்-ஜாக்சன் அக்காவோட ரீலெல்லாம் வாடகை ஸ்டோரேஜ்ல கெடந்து, பணம் கட்ட முடியாம 1986ல ஏலத்துக்குப் போச்சு. வாங்கினவங்க தூக்கிப் போட்டிருந்தா அவ்ளோதான். ஆனா அந்த கார்னெல் ராத்திரி 2012ல அமெரிக்க தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலுக்கே போச்சு, 2017ல முறையா ஆல்பமாவும் வந்துச்சு.

ஆனா எனக்கு அதவிட ஒரு படி மேல 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன்ல வெனீட்டா. ஒரு சின்ன பால்பண்ணைய காப்பாத்த வாசிச்ச கச்சேரி. மண்டைய பொளக்குற வெயிலு, கிட்டார் ட்யூனிங் நிக்கவே மாட்டேங்குது, சாயங்காலம் ஆனப்புறம் அரை மணி நேரத்துக்கு டார்க் ஸ்டார்ங்கற பாட்டு, நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் வழி தவறிப் போயிடுவாங்க, தாளமும் இல்ல சுருதியும் இல்லன்னு தோணும், அங்கேர்ந்து நேரா ஒரு கௌபாய் பாட்டுக்குள்ள குதிப்பாங்க பாருங்க, ஒவ்வொரு தடவையும் எனக்கு புல்லரிக்கும்.

1978 எகிப்து பிரமிட் கச்சேரி, கடைசி நாள் சந்திர கிரகணம்லாம் இருந்துச்சு, கத நல்ல கத. ஆனா ட்ரம்மருக்கு கை உடைஞ்சு ஒத்தக் கையால வாசிச்சாரு, எனக்கு அதுல மனசு ஒட்டல.

1984 அக்டோபர்ல கலிஃபோர்னியா பெர்க்லி கச்சேரில டேப் பண்ண உங்களுக்குன்னே தனி இடம் ஒதுக்கிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி கோட்டுக்குள்ள மைக்க ஒளிச்சு எடுத்துட்டுப் போயி, பக்கத்துல இருக்கறவன் பேசாம இருக்கணுமேன்னு மூச்ச அடக்கிட்டு நின்னவங்க நீங்க. அத விக்கவும் இல்ல, காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினா யாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தீங்க.

இப்ப என்னோட கோரிக்க. உங்க வீட்டு பரண்லயோ பேஸ்மென்ட்லயோ இன்னும் டிஜிட்டலா மாத்தாத கேசட்டு, ரீலு இருந்தா தயவுசெஞ்சு இந்த வருஷமே மாத்திடுங்க. பழைய ரீல்ல ஈரம் ஏறி பசை இளகிருச்சுன்னா டேப் மெஷினோட ஹெட்ல ஒட்டி கீச்சுன்னு கத்தும், அப்ப திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்காதீங்க, மேல இருக்கற பூச்சு உரிஞ்சு வந்துரும், தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. மாத்துறப்ப பாட்டுக்கு நடுவுல ட்யூன் பண்றது, கூட்டம் கத்துறது, யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுறது, எதையும் வெட்டாதீங்க. அந்த ஹால்ல நிக்காத எங்களுக்கு அதுவும் வேணும்.

அன்போட,
உங்க டேப்ப கேட்டே வளந்த ஒரு ரசிகன்