கிண்ணம் ஏன் வெடித்தது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. மஞ்சக்குப்பத்தில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அவள் மாடிப்படி ஏறுவதும் அப்படியேதான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். விளிம்பு வெடித்த காகிதக் கிண்ணம், அப்பளம் போல வளைந்த அட்டைப் படம், ஒன்றும் இல்லாத ஹால் சுவர். மூன்றில் எனக்குப் பிடித்தது சுவர்தான். 40 வருஷம் புத்தகம் பைண்டிங் செய்தவன் சொல்கிறேன், ஓரம் விடாத பக்கத்தைக் கண் படிக்காது. சுவரும் அப்படித்தான். ஆன்லைனில் பார்த்த ஒன்பது படம் சேர்ந்த செட்டை வாங்காதே. ஒரு சுவருக்கு ஒரு பொருள் போதும்.

முதலில் கிண்ணம். நீ கூழை எண்ணெய் தடவாத எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் அப்பி, அன்றைக்கே மொட்டை மாடி வெயிலில் வைத்திருக்கிறாய், சரியா? வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்பக்கம் ஈரமாகவே நிற்கும். அந்த இழுபறியில் எங்கே மெல்லிசோ அங்கே பிளந்துகொள்ளும். விளிம்பைத்தான் எல்லோரும் மெல்லிசாக விடுவார்கள்.

உன் ஆயா காகிதக் கூடை செய்வதை நீ பார்த்ததில்லை, நீ பிறப்பதற்குள் ஆட்டுக்கல் திண்ணைக்குப் போய்விட்டது. பழைய செய்தித்தாளைக் கத்தரியால் வெட்ட விடமாட்டார். கையால் கிழித்தால்தான் ஓரத்தில் நார் பிசிறி நிற்கும், அந்தப் பிசிறுதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. மூன்று நாள் ஊறவைப்பார், தினம் தண்ணீர் மாற்றுவார். ராத்திரியே ஊறப்போட்ட வெந்தயத்தைத் தனியாக வழவழவென்று அரைத்து, பிழிந்த காகிதத்தோடு சேர்த்து மறுபடி ஆட்டுவார். வெந்தயத்தின் வழவழப்புதான் அதற்குப் பசை. கசப்பு இருப்பதால் பூச்சியும் அவ்வளவாக அண்டாது. நீ மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தாராளமாக விட்டு அரை. இல்லையென்றால் மோட்டார் புகைந்து, கிண்ணத்தைவிட மிக்ஸிக்குச் செலவாகும்.

கவிழ்த்த பானைக்கு மேல் ஈரத்துணி போட்டு, அதன்மேல் கூழை அப்பு. சுண்டுவிரல் கனம், விளிம்பில் இன்னும் கொஞ்சம் கூட. கையை நனைத்து நனைத்து அழுத்து. முதல் இரண்டு நாள் நிழலில் காத்தாடிக் காற்று, பிறகு வெயில். முக்கால்வாசி காய்ந்ததும் பானையிலிருந்து கழற்றி உள்பக்கத்தையும் காட்டு. நன்றாகக் காய்ந்தபின் சாக்கட்டித் தூளில் ஃபெவிகால் குழைத்து வெளியே ஒரு பூச்சு கொடுத்து, உப்புத்தாளில் தேய். அதற்கு மேல் எந்தப் பெயிண்டும் உட்காரும். முறுக்கு வைக்கப்போகிறாய் என்றால் உள்ளே ஒரு தட்டு வைத்து அதில் வை, செய்தித்தாள் மையும் பெயிண்டும் தின்பண்டத்தில் படக்கூடாது. புதுச்சேரிப் பக்கம் திருக்கனூரில் இதே காகிதக்கூழில்தான் பொம்மை செய்கிறார்கள், புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது கூட்டிப்போகிறேன், அந்தப் பொம்மைகளின் முகத்தில் எவ்வளவு வழவழப்பு என்று தொட்டுப் பார்.

இப்போது அட்டை. இது என் தொழில், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினாய். பசை ஈரத்தில் தாள் விரிகிறது, காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மருந்து ரொம்பச் சுலபம்: பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்டு, இரண்டும் எதிரெதிரே இழுத்து நேராக நிற்கும். தாளுக்கு ஓட்டமும் உண்டு, அதாவது நார் படுத்திருக்கும் வாக்கு. ஒரு துண்டைக் கிழித்துப் பார், ஒரு வாக்கில் நேராகக் கிழியும், மறுவாக்கில் கோணும். முன்தாள், பின்தாள் இரண்டுக்கும் ஓட்டம் ஒரே வாக்கில் இருக்கட்டும். ஒட்டியதும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்று, ஒரு நாள் முழுக்கத் தொடாதே. (உன்னால் முடியாது, தெரியும்.)

பசை நீயே காய்ச்சு. ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் கரைத்து, சின்னத் தீயில் பச்சை வாடை போய்ப் பளபளப்பு வரும்வரை கிண்டு. மயில்துத்தம் துளியூண்டு போட்டால் பூஞ்சை வராது. ஆனால் அது விஷம், சமையல் பாத்திரத்தில் கலக்காதே, முறுக்குக் கிண்ணத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஒரு ஐப்பசியில் துத்தம் தீர்ந்துபோச்சு, பரவாயில்லை என்று நான் 60 கணக்கு நோட்டை அப்படியே ஒட்டி அடுக்கினேன். கடலூர் அடைமழை உனக்குத் தெரியும். பத்து நாளில் அத்தனை அட்டையிலும் கறுப்புப் புள்ளி. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஒட்டினேன், காகிதத்துக்கான காசு என் கையை விட்டுப் போனது.

ஒட்டுவதற்கு புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் நான்கு தாள் அனுப்புகிறேன். 1959இலிருந்து செய்கிறார்கள், பருத்தித் துணியைக் கூழாக்கி. தண்ணீர் மேல் வண்ணம் மிதக்கவிட்டு எடுத்த அலைக்கோலம் இரண்டில் இருக்கிறது. அதை வெட்டாமல் முழுசாக ஒட்டு, அதற்கு மேல் ஒன்றும் வரையாதே.

அம்மாவின் கூரைப்புடவை முந்தானையும் பார்சலில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துபோச்சு, ஜரிகை நன்றாக இருக்கிறது. "கட்டத்தான் முடியாது, பார்க்கவாவது பார்க்கட்டும்" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். பட்டில் பசை படவே கூடாது, கறை மேலே ஊறிவிடும். வெள்ளைத் துணியை அட்டையில் இழுத்துக் கட்டி, அதன்மேல் சின்னச் சின்னத் தையலாகப் போடு. வெயில் விழும் சுவரில் மாட்டாதே.

நீ கேட்ட கிளிஞ்சல் தேவனாம்பட்டினத்தில் பொறுக்கியது. நல்ல தண்ணீரில் இரண்டு நாள் போட்டு உப்பு எடுத்துவிட்டேன், உப்பு இருந்தால் ஈரம் இழுத்துப் பசை விட்டுப்போகும்.

ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றாய். அதனால்தான் பலாப் பலகை இரண்டு அனுப்புகிறேன். 2011இல் 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த மரம். அப்போது மஞ்சளாக இருந்தது, என் கடையில் புத்தகத்துக்குக் கனம் வைத்து வைத்து இப்போது பழுப்பேறிவிட்டது. முதலில் அட்டையை அமுக்க வைத்துக்கொள். பிறகு ஒன்றை மேஜைமேல் போட்டு, படத்தைச் சுவரோடு சாய்த்து நிறுத்து. மேஜைக்கும் படத்தின் அடிக்கும் நடுவில் அந்தப் பலகைத் தடிமன் மட்டும் இருக்கட்டும்.

கூரியர் செவ்வாய்க்கிழமை வரும். பெட்டிமேல் 'கண்ணாடி, பத்திரம்' என்று பெரிசாக எழுதியிருக்கிறேன். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை, தேடாதே.

அன்புடன்,
அப்பா