எடைக்குப் போடும் முன்: நூல் கழிவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களே, கழிவுக் குழு உறுப்பினர்களே,

சிறுவர் பிரிவில் இடம் போதாதபோது முதலில் எடைக்குப் போவது பழைய அறிவியல், பொது அறிவு நூல்கள்தான். தகவல் தவறு, தாள் பழுப்பு, புதிது வந்துவிட்டது என்று காரணம் எழுதுகிறீர்கள். மூன்றும் உண்மை. இன்றைய பிள்ளைக்கு அவற்றைப் பாடமாகக் கொடுக்கக் கூடாது என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. பொது அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். தலைப்புக்கு ஒரு படியை மட்டும் ஒதுக்கி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்த நூல்களின் மோசம் தனி ரகம். நீராவியைப் பற்றி அப்பா மூன்று பக்கம் மூச்சுவிடாமல் பேசுவார், மகன் நடுநடுவே "ஆகா, என்ன விந்தை!" என்பான். பிராணவாயுவும் கரியமிலவாயுவும் விளக்கம் இல்லாமலே வந்து போகும். "படம் 7 காண்க" என்றிருக்கும். படங்கள் 6உடன் முடிந்திருக்கும். நான்கு நிற அச்சில் ஒரு தகடு அரை மில்லிமீட்டர் விலகினால் போதும், தவளையின் பச்சை தவளைக்கு வெளியே நிற்கும். வேண்டுமென்றே செய்தால் இது வராது.

மெழுகுவர்த்திச் சோதனையைப் பாருங்கள். தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணைந்ததும் நீர் ஏறும். "பிராணவாயு தீர்ந்ததால் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது" என்று நூல் முடித்துவிடும். உண்மையில் ஆக்சிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. குவளை கவிழும்போது உள்ளே இருப்பது சூடேறி விரிந்த காற்று. அது குளிர்ந்து சுருங்குவதால்தான் நீர் பெரும்பாலும் ஏறுகிறது. மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் இன்னும் உயரமாக ஏறும். நூல் சொல்லித்தந்த சோதனையே நூலைப் பொய்யாக்கும்! பிழையில்லாத நூல் இந்தச் சுகத்தைத் தராது.

இன்னொரு பயன், பதிப்பாண்டு அச்சிடாத நூல்களுக்கு. வியாழனுக்கு 12 நிலவுகள் என்றிருந்தால் அந்த வரி 1951க்குப் பிறகு எழுதியது. 13ஆவது நிலவு 1974இல் கிடைத்தது. ஒன்பது கோள்கள் என்றால் 1930க்கு முன்னால் இருக்க முடியாது. எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்றால் 1950களின் மறு அளவீடு அந்த நூலுக்கு எட்டவில்லை. ஒரு எச்சரிக்கை: மறுபதிப்புகள் பழைய வரியை அப்படியே சுமந்து வரும். ஆகவே 'இந்த ஆண்டுக்கு முந்தியதல்ல' என்ற கீழ் வரம்பை நம்பலாம், 'இதற்குப் பிந்தியதல்ல' என்ற மேல் வரம்பை நம்பக் கூடாது. நாக்கின் சுவை வரைபடம் இப்படித்தான் தலைமுறை தாண்டியது. 1901இல் வெளியான ஆய்வு கண்டது சிறு வேறுபாடுகளைத்தான். நுனியில் இனிப்பு, பின்பகுதியில் கசப்பு என்று கோடு கிழித்தது பின்னால் வந்தவர்களின் தவறான வாசிப்பு.

பாதுகாப்பதற்குப் பெரிய செலவில்லை. மரக்கூழ்த் தாளில் படிகாரம் சேர்ந்த பூச்சு அமிலமாகி இழைகளை அறுக்கிறது. தாளின் ஓரத்து மூலையை இரண்டு முறை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். ஒடிந்தால் அந்த நூலை வாசிக்கத் தராமல் உடனே ஸ்கேன் செய்யுங்கள்: 90 பாகைக்கு மேல் விரிக்காமல், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), வண்ணத்தில். குறைந்த அடர்த்தியில் எடுத்தால் அச்சுப் புள்ளிகள் அலையலையாய்த் தெரியும். விலகிய நிறத்தைக் கணினியில் சரிசெய்துவிடாதீர்கள். துருப்பிடித்த கம்பித் தையலைப் பிடுங்கினால் நடுத்தாள் கிழியும். உள்பக்கத்தில் மடங்கிய கம்பி முனைகளை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூலால் தையுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகும். பூச்சி அரித்திருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 பாகை செல்சியசில் ஒரு வாரமாவது வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் தாளில் நீர் கோக்கும். 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகளில் ஆர்சனிக் இருக்கலாம். அவற்றைத் தனிப் பையில் போட்டு, கையுறையோடு எடுங்கள்; பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பதிவேட்டுக் குறிப்பில் பிழையையும் பக்க எண்ணையும் எழுதுங்கள்: "பக். 41, வியாழனுக்கு 12 நிலவுகள்" என்ற அளவு போதும். நூலுக்குள் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சிறுவர் நூல்களைப் பேணுவோர்