வாக்குச்சாவடி மாறினால் வாக்காளருக்குத் தெரிவிப்பது சட்டக் கடமையாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையும் இடமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால், அந்த மாற்றத்தை அதனால் பாதிக்கப்படும் ஒவ்வொரு வாக்காளருக்கும் நேரடியாக, எழுத்தில், போதிய கால அவகாசத்துடன் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் எந்த அதிகாரி மீதும் சுமத்தவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தக் குறையை நம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழின் வழியே கொண்டுவர விரும்புகிறேன்.

மாற்றத்தின் அளவை முதலில் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் நடந்த 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,000 வாக்காளர்கள் என்று வரம்பு வைக்கப்பட்டதால், தமிழ்நாட்டில் 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. வரம்பு மீண்டும் 1,500 ஆனபின் நடந்த 2024 மக்களவைத் தேர்தலில் அந்த எண்ணிக்கை 68 ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. பிறகு 2025இல் தேர்தல் ஆணையம் வரம்பை 1,200 ஆக மாற்றியது. ஆகவே சாவடிகள் மறுபடியும் பிரிக்கப்பட்டன. இவற்றில் பல ஒரே பள்ளி வளாகத்துக்குள் அமைந்த துணைச் சாவடிகள்தாம் என்றாலும், எல்லாம் அப்படியல்ல. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் உயிரிழந்தபின், மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கண்டறியப்பட்டு இடிக்கப்பட்டன. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிதான் பெரும்பாலான கிராமங்களில் வாக்குச்சாவடி என்பதால், பள்ளிக் கட்டடம் போனால் சாவடியும் இடம்பெயரத்தான் வேண்டும். வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரக்கூடாது, சாவடி தரைத்தளத்தில் இருக்க வேண்டும், சாய்தளம் இருக்க வேண்டும் என்ற ஆணையத்தின் நெறிகளும் சில மாற்றங்களுக்குக் காரணமாகின்றன. இந்தக் காரணங்கள் எல்லாம் நியாயமானவை. மாற்றமே கூடாது என்பது என் வாதமன்று.

சட்டம் என்ன சொல்கிறது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 25ஆவது பிரிவின்படி, மாவட்டத் தேர்தல் அலுவலர் ஆணையத்தின் முன் ஒப்புதலுடன் போதிய எண்ணிக்கையில் வாக்குச்சாவடிகளை அமைத்து, அவற்றின் பட்டியலை ஆணையம் பணிக்கும் முறையில் வெளியிட வேண்டும். பட்டியலை வெளியிடுவதோடு அந்தப் பிரிவு முடிந்துவிடுகிறது. அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, கலவரத்தாலோ இயற்கைப் பேரிடராலோ வாக்குப்பதிவு ஒத்திவைக்கப்பட்டால் மறுபடி நடக்கும் நாள், இடம், நேரம் ஆகியவற்றை அறிவித்தாக வேண்டும் என்கிறது. அதாவது இடத்தை அறிவிப்பதன் தேவையைச் சட்டம் அறியாததன்று. தேர்தல் நடத்தை விதிகள், 1961இன் 31ஆவது விதி, அந்தச் சாவடியில் எந்தப் பகுதி வாக்காளர்கள் வாக்களிக்கலாம் என்ற அறிவிப்பைச் சாவடிக்கு வெளியே எல்லோரும் காணும்படி வைக்கச் சொல்கிறது. ஆனால், அந்த அறிவிப்பு இருக்கப்போவது புதிய இடத்தின் வாசலில். இடம் தெரியாதவர் போய் நிற்கப்போவதோ பழைய இடத்தின் வாசலில்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன் 22ஆவது பிரிவின்படி, தகுதியில்லை என்றோ தொகுதியைவிட்டுக் குடிபெயர்ந்தார் என்றோ ஒருவரின் பெயரை நீக்குவதற்கு முன் அவருடைய தரப்பைக் கேட்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். அவர் அதே தொகுதிக்குள் வீடு மாறினார் என்பதற்காக அவருடைய பதிவைப் பட்டியலின் வேறோர் இடத்துக்கு மாற்றுவதானாலும் அதே வாய்ப்பைத் தர வேண்டும். வாக்காளர் இடம் மாறினால் அவரைக் கேட்கச் சொல்லும் சட்டம், நிர்வாகம் சாவடியை இடம் மாற்றினால் அவருக்கு ஒரு கடிதம் எழுதக்கூடக் கட்டாயப்படுத்தவில்லை. பட்டியலில் பெயர் இருப்பவருக்கும், தான் போக வேண்டிய இடம் தெரியாவிட்டால், வாக்களிக்கும் உரிமை அந்த நாளில் பயன்படாது.

சாவடிக்குள் நடப்பதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் அறிய மாட்டார்கள். தலைமை அலுவலரிடம் இருப்பது அந்தச் சாவடிக்குரிய பாகத்தின் வாக்காளர் பட்டியல் மட்டுமே. வந்தவரின் பெயர் அதில் இல்லையென்றால், அவர் கையில் அடையாள அட்டை இருந்தாலும், கடந்த எல்லாத் தேர்தல்களிலும் அதே அறையில் வாக்களித்தவராக இருந்தாலும், அவரை அனுமதிக்க வழியே இல்லை. "வேறு பூத்தில் பாருங்கள்" என்று சொல்ல முடியுமே தவிர, எந்தப் பூத் என்று அங்கிருந்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. அப்படி நான் திருப்பி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், படிக்கத் தெரியாத பெண்கள், காலை வேலைக்குப் போய்விட்டு மாலை கடைசி நேரத்தில் ஓடிவந்த கூலித் தொழிலாளிகள். வாக்குப்பதிவு ஆறு மணிக்கு முடிகிறது என்றால், ஐந்தரை மணிக்குத் தவறான வரிசையில் நின்றிருந்தவர் சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் போய்ச்சேர்வது கடினம். நேரம் முடியும்போது வரிசையில் இருப்பவர்களுக்குத்தான் டோக்கன் உண்டு. நான் திருப்பி அனுப்பியவர்களில் எத்தனை பேர் வேறு சாவடிக்குப் போய் வாக்களித்தார்கள், எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

வாக்காளர் தகவல் சீட்டு இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அந்தச் சீட்டு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அதை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் பலர் தங்கள் அன்றாடப் பணியோடு இதையும் சுமக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சீட்டு வழங்கப்படுவது ஆணையத்தின் அறிவுறுத்தலால். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அன்று. வாக்குப்பதிவுக்குச் சில நாள்களுக்கு முன்புதான் அது கைக்கு வருகிறது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துவிட்டு வாக்களிப்பதற்காக மட்டும் முந்தைய இரவுப் பேருந்தில் ஊருக்கு வருபவர்களின் வீடு அப்போது பூட்டிக்கிடக்கும். கைக்கு வந்த சீட்டிலும் இப்போதைய சாவடியின் பெயர் இருக்குமே தவிர, "உங்கள் சாவடி மாறியிருக்கிறது" என்ற அறிவிப்பு இல்லை. பல தேர்தல்களாக ஒரே பள்ளிக்குப் போய்ப் பழகியவர், சீட்டை அடையாள அட்டையோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டு அதே பள்ளிக்குத்தான் நடப்பார்.

1950 என்ற உதவி எண்ணும் கைப்பேசிச் செயலியும் இணையதளமும் தேடுபவருக்கே விடை தருகின்றன. தன் சாவடி மாறிவிட்டது என்ற ஐயமே எழாதவர் எதற்காகத் தேடப்போகிறார்? இந்த இடைவெளியைக் கட்சியினர் பூத் சிலிப் எழுதிக்கொடுத்து நிரப்புகிறார்கள். ஒரு குடிமகன் தான் எங்கே வாக்களிப்பது என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒரு கட்சியின் மேசைக்குப் போய் நிற்க வேண்டியிருப்பது சரியன்று. கட்சிகளுக்கு ஆள்பலம் இல்லாத குடியிருப்புகளில் அந்த உதவியும் கிடைப்பதில்லை.

மற்ற நாடுகளிலும் இது பேசப்பட்ட விஷயம்தான். அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின்படி, இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்களும் பகுதிகளும் ஒரு வாக்குச்சாவடியை நகர்த்துவதற்குக்கூட மத்திய அரசின் அல்லது நீதிமன்றத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டை 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு செயலிழக்கச் செய்தது. பின்னர் 2021இல் அங்கே பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய ஒரு தேர்தல் சீர்திருத்த மசோதா, வாக்காளரின் சாவடி மாற்றப்பட்டால் குறைந்தது ஏழு நாள்களுக்கு முன் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. செனட்டில் அது நிறைவேறவில்லை என்பது வேறு கதை.

நமக்கு வேண்டியது 25ஆவது பிரிவில் ஒரு துணைப்பிரிவு. முந்தைய பொதுத்தேர்தலில் வாக்களித்த இடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்படும் ஒவ்வொரு வாக்காளருக்கும், பழைய இடம், புதிய இடம், பாகம் எண், வரிசை எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வாக்குப்பதிவுக்குப் பதினைந்து நாள்களுக்கு முன் எழுத்து மூலமாகவும், கைப்பேசி எண் பதிவாகியிருந்தால் குறுஞ்செய்தியாகவும் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு மழை வெள்ளத்தாலோ கட்டடப் பழுதாலோ மாற்ற நேர்ந்தால், ஒலிபெருக்கி வண்டியில் தெருத்தெருவாக அறிவிக்க வேண்டும். எந்தச் சூழலிலும், வாக்குப்பதிவு நாளில் பழைய இடத்தின் வாசலில் புதிய இடத்தின் பெயரும் வழியும் எழுதிய பலகையும், கேட்பவருக்குப் பதில் சொல்ல ஓர் ஊழியரும் காலை முதல் முடியும்வரை இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே நான் திருப்பி அனுப்பியவர்களில் பலர் வாக்களித்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். மாறிய சாவடிகளின் தனிப்பட்டியல் ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். முழுப் பட்டியலை ஒட்டினால் அதில் மாற்றத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவர் யாருமில்லை.

செலவு பெரிதன்று. எல்லா வாக்காளருக்கும் சீட்டு அச்சாகத்தான் செய்கிறது. மாற்றம் உள்ளவர்களின் சீட்டை முன்கூட்டியே, வேறு நிறத்தில் அச்சிட்டால் போதும். தோற்ற வேட்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வழக்குத் தொடுப்பார்களே என்ற அச்சம் கவனிக்கத் தக்கது. ஆனால் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, சட்டமோ விதியோ மீறப்பட்டது என்பது மட்டும் ஒரு தேர்தலைச் செல்லாததாக்கப் போதாது. அந்த மீறலால் முடிவு கணிசமாகப் பாதிக்கப்பட்டது என்பதையும் நிரூபிக்க வேண்டும். ஓரிடத்தில் பலகை வைக்கத் தவறியதால் ஒரு தொகுதியின் தேர்தலே கவிழ்ந்துவிடாது. தவறிய அலுவலர் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும். அது வர வேண்டியதுதான்.

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கான இந்தத் திருத்தத்தை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும். ஆனால் தமிழ்நாடு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 243-கே, 243-இசட்ஏ பிரிவுகள் உள்ளாட்சித் தேர்தல்கள் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றத்துக்கே தந்திருக்கின்றன. உண்மையில் குழப்பம் மிகுதியாக இருப்பதும் அங்கேதான். உள்ளாட்சியில் வார்டு அடிப்படையில் சாவடிகள் அமைவதால், 2021இல் ஒரு பள்ளியில் வாக்களித்த நகரவாசி 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வேறு பள்ளிக்குப் போக நேர்ந்திருக்கலாம். 2024இல் மூன்றாவது ஓர் இடத்துக்கும் போயிருக்கலாம். ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் சில வாக்குகளே வெற்றியைத் தீர்மானித்துவிடும் என்பதால், அங்கே திரும்பிப்போகும் ஒவ்வொருவரும் கணக்கில் வருகிறார்.

ஆகவே, அடுத்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு முன், ஊராட்சிகளுக்கும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குமான சட்டங்களில் இந்த அறிவிப்புக் கடமையைச் சேர்க்கும் மசோதாவைத் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டும் என்றும், அரசு முன்வராவிட்டால் எந்தக் கட்சி உறுப்பினராயினும் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.