பெயர்கள் ஓடி முடியும்வரை திரையை அணைக்காதீர்கள்

எங்கள் பகுதி இளைஞர் மன்றத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பின்னேரம் உங்கள் கேம் அறையில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் முழுக்கதையும் சொல்லவில்லை. என் அக்காவின் மகன் ஃபைனல் ஃபேண்டஸி 7 என்ற வீடியோ கேமை விளையாடி முடித்தான். கடைசியில் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கியதுமே, பொறுப்பாக இருந்த தம்பி "முடிஞ்சுதுதானே, எழும்பு" என்று சுவிட்சை அணைத்துவிட்டார். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெயர்கள் ஓடி முடியும்வரை திரையை அணைக்காதீர்கள்.

அவன் இதற்காகப் பட்ட பாட்டைக் கேளுங்கள். 4 மாதம், சனி ஞாயிறுகளில் மட்டும், தடவைக்கு 2 மணித்தியாலம். தமிழில் ஒரு சொல் கிடையாது. விளங்காத ஆங்கிலச் சொற்களை அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவான், இரவில் இரண்டு பேருமாக அர்த்தம் தேடுவோம். கதையில் நிலத்துக்கடியில் ஓடும் கிரகத்தின் உயிர்ச்சக்தியான லைஃப்ஸ்ட்ரீம் என்ற சொல்லுக்கு நேரே "உயிராறு" என்று அவனே எழுதி வைத்திருக்கிறான். முதல் டிஸ்க் முடிவில், நாயகிகளில் ஒருத்தியான ஏரித் இறந்த அன்றைக்கு இராச்சாப்பாட்டைத் தொடவில்லை. அப்படிப்பட்டவன் ஞாயிறு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் குந்திக்கொண்டு, "எல்லாரும் செத்துட்டாங்க மாமா" என்றான்.

இல்லை, கதை அங்கே முடியவில்லை. உலகை அழிக்க வில்லன் அழைத்த விண்கல்லான மீட்டியோர் நெருங்குகிறது, அதைத் தடுக்க ஏரித் பிரார்த்தித்து எழுப்பிய மந்திரமான ஹோலி பிந்தி வருகிறது, மிட்கார் நகரம் நொறுங்குகிறது, நிலத்துக்கடியிலிருந்து உயிராறு பச்சை இழைகளாக எழுகிறது, ஏரித்தின் முகம் தெரிகிறது. அவன் கண்டது அவ்வளவுதான். பெயர்கள் முடிந்த பிறகுதான் "500 ஆண்டுகளுக்குப் பின்" என்று வரும். நாயகனோடு சேர்ந்து போராடிய, பேசும் மிருகமான நனாகி 2 குட்டிகளோடு பாறையில் ஏறி ஓடி, உச்சியில் நின்று கர்ச்சிப்பான். கீழே மிட்கார் மரமும் கொடியும் மூடிக் கிடக்கும்.

சீனக்குடாப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி புதிதா? வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைக் காடு மூடி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தோம். 1942 ஏப்ரலில் குண்டு விழுந்த இடம். அதைப் பார்த்து யாரும் திருமலை செத்துவிட்டது என்று சொன்னதில்லை.

மனிதர் ஒருவரையும் காட்டவில்லையே, ஹோலி மனிதரையும் சேர்த்து அழித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கதையில் வரும் அறிஞர் பூகன்ஹாகன் கிழவரும் முன்பே அந்தச் சந்தேகத்தைச் சொல்கிறார். ஆனால் 2005இல் வந்த தொடர்ச்சிப் படத்தில், 2 வருடம் கழித்து, நாயகன் கிளவுடும் அவன் தோழி டீஃபாவும் உயிரோடு இருக்கிறார்கள், மிட்கார் ஓரத்தில் சனம் புது ஊர் கட்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் நல்ல முடிவுதான். ஏரித் திரும்பி வரவில்லை, ஆனால் உயிரைக் கொடுத்து அவள் செய்த பிரார்த்தனை வீண்போகவும் இல்லை. நீங்கள் இதை ஒத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையைப் பார்க்கவிடுங்கள். கடைசிவரை பார்க்காமலே, உங்கள் சுவரில் ஒட்டிய பட்டியலில் இதற்கு நேரே "சோக முடிவு" என்று எழுதியது யார்?

கடைசிச் சண்டைக்குப் பிறகு சேவ் பண்ண முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. திரும்ப அந்த இடத்துக்கு வர ஜெனோவா என்ற அசுரப்பிறவியை அடிக்க வேண்டும், பிறகு வில்லன் செஃபிரோத்தை அடிக்க வேண்டும், அவனுடைய அந்த நீண்ட சூப்பர் நோவாத் தாக்குதலையும் தாங்க வேண்டும். அதையெல்லாம் பொறுத்திருந்த பிள்ளைக்காகச் சில நிமிடம் பொறுக்க நம்மால் முடியவில்லை. தியேட்டரிலும் இதுதான், பெயர் விழுந்ததும் லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். கூத்தில் மங்களம் பாடுமுன் பாதிச் சனம் பாயைச் சுருட்டுகிறது. அப்புறம் மேடையேறி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்கிறோம். பொறுமையாக இருந்தவனை எழுப்பி அனுப்பியது யார்?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நேரம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கூடுதல் நேரத்துக்கான காசை நானே கட்டுகிறேன். வரும் சனிக்கிழமை அவன் மெமரி கார்டோடு வருவான். பொறுப்பில் யார் இருந்தாலும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தயவுசெய்து, பெயர்கள் ஓடி முடியும்வரை திரையை அணைக்காதீர்கள்.

இப்படிக்கு,
அவனுடைய மாமா
உப்புவெளி, திருகோணமலை