அந்தத் திரைக்கு என்ன பெயர் வைப்பது

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் வெள்ளிக் கணக்குச் செயலியிலிருந்து நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வியாபாரி பட்டறைக்குக் கூலிக்குக் கொடுத்த வெள்ளி எவ்வளவு, கொலுசாகத் திரும்பி வந்தது எவ்வளவு என்று காட்டுகிற புது வசதிக்கு உங்கள் டீம் 'ஸ்மார்ட் ரீகன்சைல்' என்று பெயர் வைத்திருக்கிறது. வசதி அருமை. பெயர் வேண்டாம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, அழுத்தினால் என்ன வரும் என்று ஆள் சரியாக ஊகிக்க வேண்டும். பெயருக்கு அதுதான் வேலை. 'ஸ்மார்ட்' என்பது எதையுமே சொல்லவில்லை. 'ரீகன்சைல்', அதாவது இரண்டு கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, ஆடிட்டருக்குப் புரியும். பனங்காட்டிலோ சிவதாபுரத்திலோ பட்டறை வைத்திருப்பவருக்குப் புரியாது. கணக்கு விஷயத்தில் புரியாத பொத்தானை யாரும் தொட மாட்டார்கள், கை பட்டு ஏதாவது அழிந்துவிடுமோ என்ற பயம். அப்புறம் நீங்கள் ஆறு மாதம் உழைத்துச் செய்தது யாரும் திறக்காமலே கிடக்கும்.

பெயரைத் தேடுவதற்கு முன்னால், அந்த வசதி என்ன செய்கிறது என்று ஒரே வாக்கியம் எழுது. வியாபாரி வாயில் வருகிற மாதிரி எழுது: "எந்தப் பட்டறையில் நம்ம வெள்ளி இன்னும் எவ்வளவு நிக்குதுன்னு காட்டும்." ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் அது ஒரு வசதி இல்லை, இரண்டு. இரண்டையும் ஒரே பெயருக்குள் திணிக்கும்போதுதான் 'மேலாண்மை', 'சென்டர்', 'ஹப்' மாதிரி ஒன்றுமே சொல்லாத சொற்கள் வந்து உட்காருகின்றன.

அடுத்து சொல்லைச் சேகரி. அதற்கு உங்கள் ஆபீஸ் மீட்டிங் உதவாது. வியாபாரிகளின் பழைய கணக்கு நோட்டைப் படமெடுத்து வாங்கு. பக்கத்தின் மேலே அவர்கள் கையால் எழுதியிருக்கும் தலைப்புகளைப் பார்: கொடுத்தது, வந்தது, சேதாரம், பாக்கி. இந்த நான்கும் உனக்குக் கிடைத்த புதையல். சப்போர்ட்டுக்கு வரும் போன் அழைப்புகளிலும் முதல் வாக்கியத்தைக் கேள். "பாக்கி எங்க பாக்கிறது?" என்றுதான் கேட்பார்கள், "ரீகன்சிலியேஷன் எங்கே?" என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். 'டேலி' என்ற சொல்லை மட்டும் தொடாதே. 'கணக்கு டேலி ஆகலை' என்று எல்லோரும் பேசுவது உண்மைதான். ஆனால் கடைக்காரர் காதில் அது இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் பெயர்.

'வெள்ளி பாக்கி' என்றே வைத்துவிடலாமா? என் மனசு அங்கேதான் போகிறது. ஆனால் அதில் மூன்று முடிச்சு இருக்கிறது, அவிழ்த்துவிட்டு வை.

ஒன்று, பாக்கிக்குத் திசை கிடையாது. வியாபாரிக்கு அது வர வேண்டியது. பட்டறைக்காரருக்கு அதே எண் தர வேண்டியது. உங்கள் செயலியை இரண்டு பேரும் பயன்படுத்துகிறார்கள். அதனால் கீழ்ப்பட்டையில் 'வெள்ளி பாக்கி' என்று வை. உள்ளே போனதும் தலைப்பு, உள்நுழைந்தவர் யார் என்பதைப் பொறுத்து, 'வர வேண்டிய வெள்ளி' அல்லது 'தர வேண்டிய வெள்ளி' என்று மாறட்டும்.

இரண்டு, ஏற்கெனவே 'பாக்கி' என்று ஒரு திரை இருக்கிறதே, பணத்துக்கு. புதுப் பெயர் வந்தால் பழையதும் சும்மா இருக்க முடியாது, அதை 'பணப் பாக்கி' ஆக்க வேண்டும். புதுப் பெயர் வைக்கிற ஒவ்வொரு தடவையும் செயலியில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. தனியாகப் பார்த்தால் தெளிவாக இருக்கும் பெயர், கூட்டத்தில் நிற்கும்போது குழப்பும்.

மூன்றாவதுதான் பெரியது. எந்த எடை? 80 டச் (நூற்றுக்கு 80 பங்கு சுத்த வெள்ளி) கொலுசு 500 கிராம் வந்தால் அதில் சுத்த வெள்ளி 400 கிராம்தான். உங்கள் திரை காட்டுவது சுத்த வெள்ளிக் கணக்கு. பெயர் 'வெள்ளி பாக்கி' என்று மட்டும் இருந்தால், தராசில் நிறுத்த எடையை மனசில் வைத்திருப்பவர் 100 கிராம் காணவில்லை என்று சண்டைக்கு வருவார். தப்பு அவர்மேல் இல்லை. எண்ணுக்கு அடியிலேயே 'சுத்த வெள்ளி, கிராம்' என்று எழுதுங்கள். உதவிப் பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள்.

பெயர் தருகிற வாக்குறுதியைச் சின்ன எழுத்து விளக்கத்தால் திருத்திவிடலாம் என்று நினைக்கவே கூடாது. குரோம் உலாவியில் 2008 முதல் இருக்கிற 'இன்காக்னிட்டோ'வைப் பார், அடையாளம் மறைத்து என்று அர்த்தம். பெயரும் தொப்பி கண்ணாடி படமும், நம்மை யாரும் பார்க்க முடியாது என்று சொல்கின்றன. உண்மையில் அது செய்வது, பார்த்த பக்கங்களின் வரலாற்றை அந்தக் கருவியில் சேமிக்காமல் விடுவது. இணையதளத்துக்கும், ஆபீஸ் நெட்வொர்க்குக்கும், இணைப்பு தருகிற நிறுவனத்துக்கும் நடமாட்டம் தெரியும். அந்த விளக்கம் திரையிலேயே இருந்தும் ஜனங்கள் பெயரைத்தான் நம்பினார்கள். வழக்கு வந்து, 2024 தொடக்கத்தில் கூகுள் அந்த வாசகத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

அதே நிறுவனத்தின் ஜிமெயிலில் நல்ல உதாரணமும் இருக்கிறது, 'அன்டூ சென்ட்', அதாவது அனுப்பியதை ரத்து செய்வது. அனுப்பிய மடல் போய்த் திரும்பி வருவதில்லை; 5, 10, 20 அல்லது 30 விநாடி காத்திருந்துதான் கிளம்புகிறது. இயந்திரத்தின் பக்கம் நின்று பெயர் வைத்திருந்தால் 'தாமத அனுப்பல்' என்று வைத்திருப்பார்கள். ஆளுடைய பதற்றத்தின் பக்கம் நின்று வைத்தார்கள். உங்கள் 'ரீகன்சைல்' இயந்திரத்தின் பக்கம் நிற்கிறது.

பெயர்ப் பட்டியல் ஆறேழு ஆனதும் சோதித்துப் பார். ஆபீசில் ஓட்டுப் போடச் சொல்லாதே. வெளியே ஐந்து பேர் போதும்: இரண்டு வியாபாரி, இரண்டு பட்டறைக்காரர், கணக்கு எழுதுகிற ஒருத்தர். பெயரை மட்டும் போனில் காட்டி, "இதைத் தொட்டா என்ன வரும்னு நினைக்கிறீங்க?" என்று கேள். சொன்னதை அப்படியே, அவர்கள் வார்த்தையிலேயே எழுது. "பேர் நல்லா இருக்கா?" என்று கேட்கவே கேட்காதே. நம்ம ஊர் ஆட்கள் மனசு நோகக் கூடாதென்று "நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 'தெரியலை' என்ற பதிலைவிட, உறுதியாகச் சொல்லும் தப்பான பதில் ஆபத்து. ஐந்தில் இரண்டு பேர் ஒரே தப்பைச் சொன்னால் அந்தப் பெயரை எடுத்துவிடு.

பெயர் போடாத திரையைக் காட்டி, "இதுக்கு நீங்க என்ன பேர் சொல்வீங்க?" என்றும் கேட்டுப் பார். ஆளுக்கொன்று சொல்வார்கள், கலங்காதே. ஜார்ஜ் ஃபர்னாஸும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே பொருளுக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பெயர் கிடையாது. தேர்ந்தெடுத்த பெயரைத் திரையில் போடு. மற்ற சொற்களை, நிலுவை, மீதி, வரவேண்டியது, பேலன்ஸ் எல்லாவற்றையும், தேடல் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிடு. எதைத் தட்டினாலும் அதே திரை வரட்டும்.

சத்தத்திலும் சோதி. பட்டறையில் பாலிஷ் மிஷின் ஓடும்போது போனில் பெயரைச் சொல்லிப் பார். எதிர்முனையில் திருப்பிச் சொல்ல முடிகிறதா? கண்ணாலும் பார்க்க வேண்டும். ஆப்பிள் 'லிசா' கணினியைச் சோதித்தபோது 'டூ இட்' என்ற பொத்தானை 'டோல்ட்', அதாவது மடையன், என்று படித்து ஒருத்தர் கோபப்பட்டார். அதன் பிறகுதான் அங்கே 'ஓகே' வந்தது. 'Do It' என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி சரியாகத் தெரியாமல், பெரிய 'I' சின்ன 'l' மாதிரி இருந்து, 'Dolt' என்று தெரிந்ததுதான் காரணம். தமிழில் சின்ன எழுத்தில் புள்ளி மறைந்துபோகும், 'ா'வும் 'ர'வும் ஒன்றாகத் தெரியும், வரி உயரம் குறைவாக இருந்தால் 'கீ'யின் மேல்சுழி வெட்டுப்படும். 360 அலகு அகலமுள்ள போனில் ஐந்து பொத்தான் வைத்தால் ஒன்றுக்கு 72 தான். அதில் 'வெள்ளி பாக்கி' இரண்டு வரியாக நிற்குமா, 'வெள்ளி பா…' என்று அறுபடுமா என்று, எழுத்தளவைப் பெரிதாக வைத்திருக்கும் வயசானவர் போனில் பார். எழுத்தை எண்ணி வெட்டும் நிரல் இருந்தால் அதையும் திருத்தச் சொல். 'கொ' கணினிக்கு இரண்டு குறி, நடுவில் வெட்டினால் 'க' ஆகிவிடும்.

வாக்கியத்துக்குள் பெயர் வரும் இடங்களையும் பார்த்துவிடு. உங்கள் நிரலில் பெயரோடு 'இல்', 'ஐ' என்று ஒட்டுகிறீர்கள், அதனால்தான் ஒரு படத்தில் 'பாக்கிஇல் பிழை' என்று வந்திருக்கிறது. உருபைத் தனியாக ஒட்டவே கூடாது. 'வெள்ளி பாக்கியில் பிழை' என்று முழு வாக்கியமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு படத்தில், 'வெள்ளி ரசீதை ரத்து செய்யவா?' என்ற கேள்விக்குக் கீழே 'ரத்து', 'சரி' என்று இரண்டு பொத்தான். ரத்து என்றால் ரசீது ரத்தா, ரத்து செய்வதே ரத்தா? 'ரசீதை ரத்து செய்', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று மாற்று. இதைப் பெயர் முடிவாகும்வரை தள்ளிப்போடாதே, இந்த வாரமே செய்.

நிரலுக்குள் இருக்கும் பெயரைத் தொட வேண்டியதில்லை, திரையில் தெரிவதை மாற்றினால் போதும். 'புதிய' என்று எதற்கும் பெயர் வைக்காதே; அடுத்த வருஷம் அது பழசாகிவிடும். விண்டோஸில் 'மை கம்ப்யூட்டர்' விஸ்டாவில் 'கம்ப்யூட்டர்' ஆகி, 2013-இல் 8.1 வந்தபோது 'திஸ் பிசி' ஆனது; இன்றைக்கும் பலர் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் 'பாக்கி'யை 'பணப் பாக்கி' ஆக்கும்போது மூன்று மாதமாவது அடியில் 'முன்பு: பாக்கி' என்று சின்னதாகக் காட்டுங்கள். உதவி வீடியோக்களை அதே நாளில் மாற்றிவிடுங்கள்.

பெயர் அழித்த திரையின் படம் ஒன்றும், பெயர் மட்டும் இருக்கும் படம் ஆறும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. லீ பஜார் பக்கம் இரண்டு வியாபாரிகளிடமும் பனங்காட்டில் இரண்டு பட்டறையிலும் அப்பாவும் நானும் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புகிறோம். கணக்கு எழுதுகிறவரை மட்டும் நீ பார்த்துக்கொள். சனிக்கிழமைக்குள் வந்தால் நல்லது. அன்றைக்குக் கூலி பட்டுவாடா, எல்லோரும் பட்டறையில் இருப்பார்கள்.

அன்புடன்,
அம்மா