பட்டாவியாவுக்குச் செய்ததை இன்னோர் ஊருக்குச் செய்யாதீர்கள்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 முடிவில் உங்களோடு இணைந்து இளம் வீரர்களைத் தயார்செய்த 160 மைனர் லீக் அணிகளை 120 ஆகக் குறைத்தீர்கள். மைதானங்கள் தரமாக இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னீர்கள். அந்தக் காரணத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு பட்டாவியாவின் ட்வையர் ஸ்டேடியம்தான் நினைவுக்கு வருகிறது.

நியூயார்க் மாநிலத்தின் மேற்கில் சுமார் 15,000 பேர் வாழும் சிறிய ஊர் அது. பின்னாளில் நியூயார்க்–பென் லீக் என்று பெயர் மாறிய போனி லீக், 1939இல் அங்கேதான் தொடங்கியது. 1990இல் மைனர் லீக்குகளோடு செய்த ஒப்பந்தத்தில், மைதானத்தின் விளக்கு முதல் உடை மாற்றும் அறை வரை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் விதித்தீர்கள். ஊர் மறுக்கவில்லை. பழைய அரங்கை இடித்துவிட்டு 1996இல் புதிதாகக் கட்டியது. பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரங்களான இருவர் அங்கே ஆடினார்கள்: 2000இல் சேஸ் அட்லி, அடுத்த ஆண்டு ரயன் ஹோவர்ட். 2008இல் அவர்கள் இருவரும் ஃபிலடெல்ஃபியா அணியோடு மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றார்கள். அதே ஆண்டு ஊரின் அணியான பட்டாவியா மக்டாக்ஸும் தன் லீக்கின் சாம்பியன்.

அந்த அணியைத்தான் பட்டியலிலிருந்து எடுத்தீர்கள். அதுவும் கொரோனாவால் சீசனே நடக்காத ஆண்டில். எண்பது வருட உறவுக்கு ஒரு கடைசி ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. உட்கார்ந்து பார்த்து, கைதட்டி, வீரர்களை வழியனுப்பும் ஒரு மாலைகூட அந்த ஊருக்கு இல்லை. எனக்கு ஆறாதது இதுதான்.

இப்போது அதே பெயரில் கல்லூரி மாணவர்களின் கோடைகால அணி ஆடுகிறது. கூட்டமும் வருகிறது, மகிழ்ச்சி. ஆனால் அங்கே ஆடும் பையனுக்கு உங்கள் மேஜர் லீக் கிளப் எதனுடனும் ஒப்பந்தம் கிடையாது.

மைனர் லீக் வீரர்களின் சம்பளத்தை உயர்த்தினோம் என்பீர்கள். நல்ல காரியம்தான், எப்போதோ செய்திருக்க வேண்டியது. அதற்காக நாற்பது ஊர்களைக் கைவிட வேண்டுமா? உங்கள் கிளப்புகளிடம் பணம் இல்லையா?

மிச்சமிருக்கும் 120 அணிகளின் ஊர்களுக்கும் 2021இல் புதிய தர விதிகளை அனுப்பினீர்கள். பல ஊர்கள் மறுபடி வரிப்பணத்தை எடுத்துச் செலவழிக்கின்றன. உங்களோடு இணைந்திருக்க அவர்களுடைய அணிகளுக்குள்ள உரிமம் பத்து ஆண்டுகளுக்குத்தான், 2030 வரை. அப்புறம்?

ஆகவே நான் கேட்பது ஒன்றே. நீங்கள் சொன்னபடி மைதானத்தைக் கட்டிய ஊருக்கு, அதற்காக வாங்கிய கடன் தீரும்வரை அணி இருக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். வாய் வார்த்தை வேண்டாம், எழுத்தில். 2030 உரிமங்களைப் பேசத் தொடங்குமுன் இதை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறிய ஊர்களின் பேஸ்பாலை நேசிக்கும் ஒரு ரசிகன்